ரயில் போகட்டும், அப்புறம் டேக்

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மொட்டை மாடியில் இரண்டு பேர் பேசிக்கொள்ளும் காட்சியை எடுக்கப் போகிறவர், வெயில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் ரயில் எப்போது வரும் என்று பார்த்துவைத்துக்கொள்வது நல்லது. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-ல் ஓடத் தொடங்கியது. பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம் எல்லாமே அந்தத் தண்டவாளத்தை ஒட்டிப் பெருத்த ஊர்கள். கிழக்கே விமானப்படைத் தளம். விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியர்களையே உருவாக்கும் பள்ளி 1954 முதல் அங்கே இயங்குகிறது. பயிற்சி விமானங்கள் ஒரே வட்டத்தில் திரும்பத் திரும்ப வரும். வடக்கே மீனம்பாக்கம். நடுவே ஜி.எஸ்.டி. சாலையின் ஏர் ஹாரன். எல்லாம் ஓய்ந்த நேரம் பார்த்து ‘ஆக்‌ஷன்’ சொன்னால் பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடும்.

கையில் காசில்லாமல் படமெடுத்தவர்களின் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதைக் கேமராவின் கதையாகவே எழுதிவிடுகிறார்கள். ஃபிலிம் போய் வீடியோ வந்தது, வீடியோ போய் டிஜிட்டல் வந்தது, விலை இறங்கியது, எல்லோரும் படமெடுக்கலாம் என்று ஆனது என்று கதை முடிந்துவிடும். அடையாற்றிலிருந்து தாம்பரம் வரையிலான தென்சென்னையை வைத்துப் பார்த்தால் இந்தக் கதை பாதிதான். கண்ணுக்கான செலவு ஒவ்வொரு பத்தாண்டிலும் இறங்கியிருக்கிறது. காதுக்கான செலவு அப்படி இறங்கவில்லை. இந்தப் பகுதியில் கையாளப்பட்ட உத்திகளில் பாதிக்குமேல் சத்தத்தோடு மல்லுக்கட்டியதால் பிறந்தவை, அல்லது சத்தத்தைக் கைவிட்டதால் பிறந்தவை.

மல்லுக்கட்டு புதிதல்ல. பேசும் படங்களை பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போய் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், 1934-ல் ஏ. நாராயணன் சென்னையிலேயே ஸ்ரீனிவாஸ சினிடோன் என்ற ஒலிப்பட ஸ்டுடியோவைத் தொடங்கினார். சென்னையில் தயாரான முதல் தமிழ்ப் பேசும்படமான ‘ஸ்ரீநிவாச கல்யாணம்’ அங்கேதான் உருவானது. ஒலிப்பதிவு செய்தவர் அவருடைய மனைவி மீனாட்சி. இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று திரை வரலாற்றாசிரியர்கள் குறிப்பது அவரைத்தான். அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் விளக்கு வசதி குறைவு என்பதால் சூரிய வெளிச்சத்தை நம்பியே படமெடுத்தார்கள். வெளிச்சத்துக்காகத் திறந்துவைத்த இடத்தில் காக்கை வந்து கரையும். காக்கை விரட்டுவதற்கென்றே ஆள் வைத்திருந்தார்கள் என்பது அந்தக் கால நினைவுகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. தமிழ்ப்படத்தின் முதல் ‘சவுண்ட் டிபார்ட்மென்ட்’ ஊழியர்களில் காக்கை விரட்டியவருக்கும் ஓர் இடம் தரவேண்டும்.

பிறகு ஒலித்தடுப்புள்ள தளங்கள் வந்தன, காக்கை வெளியே போனது. கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் என்று பெரிய ஸ்டுடியோக்கள் மேற்கே குவிந்தன. தெற்கில் சொல்லிக்கொள்ளும்படி இருந்தது அடையாற்றில் நெப்டியூன் ஸ்டுடியோ. அது பின்னாளில் எம்.ஜி.ஆரின் சத்யா ஸ்டுடியோவாகி, இன்று அதே இடத்தில் ஒரு பெண்கள் கல்லூரி நடக்கிறது. தளம் என்றால் வாடகை. வாடகை என்றால் முதலாளி. ஸ்டுடியோவுக்குள் சுயாதீனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 1965-ல் ‘உன்னைப்போல் ஒருவன்’ எடுத்த ஜெயகாந்தனைப் போன்றவர்கள் அபூர்வம்.

பூட்டைத் திறந்தது ஒரு கேமரா. ஆரிஃபிளெக்ஸ் 2சி எளிதில் தூக்கக்கூடியது, கையில் பிடித்து எடுக்கலாம், 200 அல்லது 400 அடி மேகஸின் மாட்டலாம். ஆனால் ஓடும்போது தையல் மெஷின் மாதிரிக் கடகடக்கும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வசனத்தை நேரடியாகப் பதிவு செய்வது நடக்காத காரியம். தமிழ் சினிமா அதற்குக் கண்ட வழி மிக எளியது: சத்தத்தை அங்கே விட்டுவிட்டு வா, தியேட்டரில் டப்பிங் பேசிக்கொள்ளலாம். 1977-ல் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ ஸ்டுடியோவைவிட்டு முற்றாக வெளியேறி கிராமத்தில் எடுக்கப்பட்டபோது, அந்த விடுதலைக்குப் பின்னால் டப்பிங் என்ற பேரமும் இருந்தது. அந்தப் படத்தைப் பற்றிப் பலமுறை சொல்லப்பட்ட இன்னொரு செய்தி உண்டு. ஸ்லோமோஷன் எடுக்கும் கேமராவுக்குப் பணமில்லாததால், பாட்டுக் காட்சியில் ஸ்ரீதேவியையே மெதுவாக ஓடச் சொல்லி எடுத்தார்களாம். குறைந்த செலவில் படமெடுப்பது எப்படி என்று பாடம் நடத்துகிறவர்கள் முதல் வகுப்பில் சொல்லவேண்டிய கதை இது.

தென்சென்னைக்கு இந்த வரலாற்றில் நிலையான இடத்தைக் கொடுத்தது தரமணி. 1945-லேயே சென்னை சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் பாடமாகிவிட்டன. புனேயில் திரைப்படக் கல்லூரி 1960-ல் வருவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய கதை. அந்தப் பாடப்பிரிவுகள் வளர்ந்து தரமணி வளாகத்தில் தனி நிறுவனமாயின. அரசாங்கம் எத்தனை முறை பெயரை மாற்றினாலும் சினிமாக்காரர்களுக்கு அது ‘அடையாறு ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்’தான். பி.சி. ஸ்ரீராம் அங்கே படித்தவர். ராஜீவ் மேனனும் அங்கேதான். அங்கிருந்து வந்தவர்கள் டைட்டிலில் தங்கள் பெயருக்குப் பின்னால் ‘டி.எஃப்.டெக்’ என்று போட்டுக்கொண்டார்கள். மருத்துவர் எம்.பி.பி.எஸ். போட்டுக்கொள்வதைப் போன்ற பெருமிதம் அதில் தெரிந்தது. எவரிடமாவது எடுபிடியாகச் சேர்ந்து பத்து வருஷம் கழித்துக் கேமராவைத் தொடலாம் என்றிருந்த தொழிலில், படித்துவிட்டு நேராக வருகிறவர்கள் என்பதே அன்று ஒரு கலகம்.

அங்கே மாணவனுக்கு முதலில் பதிவது ஒரு கணக்கு. 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஒரு நிமிடத்துக்கு 90 அடி. ஒரு 400 அடி கேன் நாலரை நிமிடத்துக்குள் தீர்ந்துபோகும். இரண்டரை மணி நேரப் படம் சுமார் 14,000 அடி. ஒவ்வொரு ஷாட்டையும் சராசரியாக நான்கு முறை எடுத்தால் 56,000 அடி, அதாவது 140 கேன். இந்தக் கணக்கு தெரிந்தவன் கேமராவை ஓடவிட்டபிறகு நடிகருக்கு விளக்கம் சொல்லமாட்டான். ஒத்திகையிலேயே எல்லாம் முடிந்திருக்கும். எங்கே வெட்டப் போகிறோம் என்று தெரிந்து அங்கேயே ‘கட்’ சொல்வான். எடிட்டிங்கில் பாதி படப்பிடிப்பிலேயே நடந்துவிடும். தெர்மாகோல் பலகையில் வெயிலைத் திருப்பி முகத்தில் அடிப்பது, வெள்ளைத் துணியைக் கட்டி உச்சிவெயிலை மட்டுப்படுத்துவது, விளக்கே இல்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில் மீட்டர் பார்த்து எடுப்பது எல்லாம் இந்த நெருக்கடியின் குழந்தைகள். ஒரு பெரிய விளக்கை வாடகைக்கு எடுத்தால் ஜெனரேட்டர் வேண்டும், லைட்மேன்கள் வேண்டும், அவர்களுக்கு பேட்டா வேண்டும். தெர்மாகோலுக்கு பேட்டா கிடையாது.

அந்தப் பள்ளியின் பேரிரைச்சல் 1986 ஆகஸ்ட் 15 அன்று வெளியான ‘ஊமை விழிகள்’. ஆபாவாணன் எழுதித் தயாரிக்க, ஆர். அரவிந்தராஜ் இயக்கினார். தொழில்நுட்பக் குழுவில் பெரும்பாலோர் இன்ஸ்டிட்யூட் ஆட்கள். சினிமாஸ்கோப்பில் எடுத்தார்கள் என்பதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ‘ராஜராஜ சோழன்’ 1973-ல் தமிழின் முதல் ஸ்கோப் படமாக வந்தபோது அது அரண்மனைக்கும் படைக்கும் உரிய அகலம். பதிமூன்று ஆண்டுகள் கழித்து மாணவர்கள் அதே அகலத்தை இருட்டுக்கும், ஆளில்லாத சாலைக்கும், ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும் கிழவிக்கும் பயன்படுத்தினார்கள். ஸ்கோப் லென்ஸ் படத்தை அகலவாக்கில் பாதியாகச் சுருக்கி நெகட்டிவில் பதிக்கும். தியேட்டரில் இன்னொரு லென்ஸ் அதை விரிக்கும். நெகட்டிவ் ஓர் அடிகூட அதிகம் செலவாகாது. அகலம் இனாமாகக் கிடைத்த மாதிரி. ஆனால் இந்த லென்ஸுக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும், ஃபோகஸ் துளி பிசகினாலும் தெரிந்துவிடும். இரவுக் காட்சிகள் நிறைந்த படத்துக்கு இதைத் தேர்ந்தெடுக்க அசட்டுத் துணிச்சல் வேண்டும். படம் ஓடியது, ஓட்டமாய் ஓடியது. அதன்பிறகு ‘இன்ஸ்டிட்யூட் பசங்க’ என்றால் தயாரிப்பாளர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அதே ஆபாவாணன் சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து, 1996-ல், ‘கறுப்பு ரோஜா’வைத் தயாரித்தார். தமிழில் டி.டி.எஸ். ஒலியோடு வந்த முதல் படம் என்று அதற்குப் பெயர். ‘ஊமை விழிகள்’ அளவுக்கு அதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. ஆனால் அந்த ஒலிமுறை வேலைசெய்த விதம் சுவாரசியமானது. படச்சுருளில் அந்த டிஜிட்டல் ஒலி இருக்காது. ஒரு நேரக்குறி மட்டும் ஓரமாக ஓடும். ஒலி தனியே குறுந்தகட்டில் இருக்கும். குறியைப் படித்து இரண்டையும் இயந்திரம் சேர்த்துவைக்கும். படம் ஓரிடம், சத்தம் வேறிடம், நடுவே ஓர் அடையாளம். பிற்பாடு தாம்பரத்துக் குறும்படக்காரர்கள் கைதட்டிச் செய்யப்போவதும் இதையேதான்.

கலைப்பட வரிசையில் பாலு மகேந்திரா வேறொரு சிக்கனத்தைக் காட்டினார். ‘வீடு’ 1988-ல் வந்தது. பாட்டில்லை, செயற்கை ஒளி மிகக் குறைவு. பின்னணி இசைக்கு இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் ஏற்கெனவே பதிவாகியிருந்த இசையே பயன்பட்டது. வாத்தியக்காரர்களைக் கூட்டி நாள்கணக்கில் ரீ-ரிக்கார்டிங் செய்யும் செலவு அப்படியே மிச்சம். தேசிய விருது வாங்கிய படத்தின் இசைக்கு இவ்வளவு குறைந்த செலவில் வழி கண்டவர் வேறு யாரும் இருப்பாரா என்பது சந்தேகம்தான்.

ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டில் இடம் கிடைக்காத, கிடைத்தாலும் சேரமுடியாத பெரும் கூட்டத்துக்கு வேறொரு பள்ளிக்கூடம் இருந்தது. அதற்குப் பெயர் கல்யாண வீடியோ. 1982 ஆசிய விளையாட்டுகளை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்தது, வி.சி.ஆர். பெட்டிகள் வீடுகளுக்குள் நுழைந்தன. எண்பதுகளின் பிற்பகுதியில் வி.எச்.எஸ். கேமரா தோளேறியது. பல்லாவரம் முதல் கூடுவாஞ்சேரி வரை ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் கல்யாண மண்டபங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. மண்டபத்துக்குப் பக்கத்திலேயே ஸ்டுடியோ. கண்ணாடியில் மணமக்கள் படம். உள்ளே ஒரு மிக்ஸர், இரண்டு வி.சி.ஆர்.

அந்த வேலையைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால், சினிமாப் பள்ளி கற்றுத்தராத பல விஷயங்கள் அதில் இருந்தன. கேமராமேனுக்குப் பின்னால் சன் கன் பிடித்துக்கொண்டு ஒரு பையன். அவனுக்குப் பின்னால் ஒயரைச் சுருட்டியும் விட்டும் இன்னொருவன். விளக்கை நேரே முகத்தில் அடித்தால் மாமாக்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திட்டுவார்கள். எனவே பையன் தானாகவே கற்றுக்கொள்வான்: கூரையில் அடி, வெள்ளைச் சுவரில் அடி, தேவையென்றால் கல்யாணப் பெண்ணின் அத்தை முதுகில் அடி. ‘பவுன்ஸ் லைட்’ என்ற சொல் தெரியாமலேயே பவுன்ஸ் கைவந்துவிடும். தாலி கட்டும்போது ரீடேக் கிடையாது. கெட்டிமேளம் ஆரம்பித்ததும் சுற்றிலும் பெரியவர்கள் எழுந்து மறைத்துக்கொள்வார்கள் என்பது தெரிந்தவன், அதற்கு முன்பே நாற்காலிமேல் ஏறித் தயாராக நிற்பான். நிகழ்வை முன்கூட்டி ஊகித்து இடம் பிடிப்பது ஆவணப்படக்காரனின் அடிப்படைத் திறமை. இங்கே அது மாதத்துக்குப் பத்து முகூர்த்தத்தில் இலவசமாகப் பயிற்சியானது.

எடிட்டிங் இன்னும் கறாரானது. ஒரு டெக்கில் மூல டேப், இன்னொன்றில் காலி டேப். வரிசையாகத்தான் ஏற்ற முடியும். பாதியில் ஒரு ஷாட்டைச் செருக வேண்டுமானால் பின்னால் உள்ள எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டும், ஒவ்வொரு பிரதிக்கும் தரம் ஒரு படி இறங்கும். எனவே எடுக்கும்போதே வெட்டி எடுப்பார்கள். ஹார்ட் வடிவத்துக்குள் மணமக்கள் முகம் மிதப்பதும், ரோஜா இதழ்கள் திரையில் கொட்டுவதும் இன்று சிரிப்பை வரவழைக்கலாம். அந்த மிக்ஸரை இயக்கியவர்களுக்குத்தான் பின்னாளில் கம்ப்யூட்டரில் எடியஸும் பிரீமியரும் வந்தபோது டைம்லைன் என்பதைப் புதிதாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒன்றை மட்டும் கல்யாண வீடியோ சொல்லித்தரவே இல்லை. ஒலி. மண்டபத்தில் பதிவாகும் சத்தம் நாதஸ்வரமும் குழந்தை அழுகையும் சாப்பாட்டுக்கூட அழைப்பும் கலந்த குழம்பு. அதை அழித்துவிட்டு அந்த வருஷத்து ஹிட் பாட்டைப் போடுவதுதான் முறை. கேமராவின் மைக் எதற்கு இருக்கிறது என்றுகூடப் பலர் யோசித்திருக்க மாட்டார்கள். அங்கிருந்து குறும்படத்துக்கு வந்தவர்கள் கண்ணும் கையும் பழகி வந்தார்கள், காது பழகவில்லை.

சினிமா நாற்பக்கமும் மாறிக்கொண்டிருந்தது. மூவியோலாவில் பாசிட்டிவை வெட்டி ஒட்டிய எடிட்டிங் அறைகளுக்குள் கம்ப்யூட்டர் வந்தது. 1994-ல் வெளியான ‘மகாநதி’ அவிட் என்ற கம்ப்யூட்டர் எடிட்டிங் முறையில் எடிட் செய்யப்பட்ட ஆரம்ப இந்தியப் படங்களில் ஒன்று. தரமணியின் பழைய மாணவர் பி.சி. ஸ்ரீராம் இயக்கிய ‘வானம் வசப்படும்’ 2004-ல் டிஜிட்டல் ஹைடெஃபனிஷன் கேமராவில் எடுத்து வந்தது. 2005-ல் கமல்ஹாசனின் ‘மும்பை எக்ஸ்பிரஸ்’. இரண்டையும் அப்போது பலர் தோள்குலுக்கலோடு கடந்துபோனார்கள். படம் ‘வீடியோ மாதிரி’ இருக்கிறது என்பது அன்றைக்குப் பெரிய வசவு.

வசவை நிறுத்தியது ஒரு ஸ்டில் கேமரா. 2008-ல் வந்த கேனான் 5டி மார்க் 2 புகைப்படக்காரர்களுக்கான கருவி. வீடியோ எடுக்கும் வசதி அதில் ஓர் ஒட்டு. ஆனால் அதன் சென்சார் 35 மில்லிமீட்டர் சினிமா ஃபிரேமைவிடப் பெரியது. பின்னணி கரைந்து முகம் மட்டும் துலங்கும் அந்த ‘சினிமா லுக்’, ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று இருந்தாலே கைக்கு எட்டியது. அடுத்த ஆண்டு வந்த 7டி, நொடிக்கு 24 ஃபிரேமையும் கொடுத்தது. அதே 2009-ல் கலைஞர் தொலைக்காட்சியில் ‘நாளைய இயக்குநர்’ தொடங்கியது. கார்த்திக் சுப்பராஜ், பாலாஜி மோகன், நலன் குமரசாமி எல்லாம் அங்கே குறும்படங்களோடு வந்து நின்றவர்கள்.

புறநகரில் இந்தக் கேமராக்களை முதலில் வாங்கியவர்கள் யார்? கல்யாணப் புகைப்படக்காரர்கள்தான். முகூர்த்தமில்லாத ஆடியிலும் மார்கழியிலும் அவை பெட்டிக்குள் சும்மா கிடக்கும். கல்லூரி விஸ்காம் மாணவனும் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே சினிமா கனவு காண்கிறவனும் அப்போது போய்க் கேட்டால் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும், நண்பன் என்றால் சும்மாவே கிடைக்கும். ஆடியில் விதை விதைக்கிற ஊரில் ஆடியில் குறும்படம் எடுத்தார்கள்.

பழைய அடிக்கணக்கை இங்கே கொண்டுவந்து பொருத்திப் பார்க்கலாம். அந்தக் கேமராக்கள் ஒரு கோப்பை 4 ஜி.பி.க்கு மேல் எழுதாது. சுமார் 12 நிமிடத்தில் தானாக நின்றுவிடும். பன்னிரண்டு நிமிடம் என்பது 1,080 அடி நெகட்டிவ். தரமணி மாணவன் மூன்று கேனை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க எண்ணி எண்ணிச் செலவழித்ததை, இவன் ஒரே ஷாட்டில் ஓட்டிவிட்டு, பிடிக்கவில்லை என்று அழித்தான். சுதந்திரம்தான். கூடவே ஒத்திகை என்ற பழக்கமும் அழிந்தது. முப்பது டேக் எடுத்துவைத்துக்கொண்டு எடிட்டிங் மேசையில் திணறுவது அந்தத் தலைமுறையின் நோய்.

நோய்கள் வேறும் இருந்தன, அவற்றுக்குக் கைவைத்தியமும் பிறந்தது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் நொடிக்கு நூறு தடவை துடிக்கும். ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு நொடிக்கு வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் சரியாக இரண்டு துடிப்பு விழும், படம் நிலையாக இருக்கும். அறுபதில் ஒரு பங்குக்கு வைத்தால் கறுப்புப் பட்டைகள் திரையில் மேலும் கீழும் ஊரும். அமெரிக்காக்காரர்கள் யூடியூபில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்து, டீக்கடைக் காட்சி முழுவதையும் பாழாக்கியவர்கள் எத்தனையோ பேர். ஷட்டரை ஐம்பதிலேயே நிறுத்தியாயிற்று. மே மாத வெயிலில் லென்ஸை விரியத் திறக்க முடியாது. வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் வேண்டும். அது இல்லாதவர்கள் காலை ஒன்பதுக்குள்ளும் மாலை நாலரைக்கு மேலும் மட்டும் வெளியே எடுத்தார்கள். நெருக்கமான கட்டம் போட்ட சட்டையிலும் மெல்லிய ஜரிகைக் கோட்டிலும் வானவில் மாதிரி அலை ஓடும். எனவே நடிகரிடம் ‘பிளெயின் சட்டை எடுத்துட்டு வாங்க’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். ஓடும் ரயிலை இந்தக் கேமராவில் பக்கவாட்டில் எடுத்தால் பெட்டிகள் சாய்ந்து போகும், சென்சார் வரிவரியாகப் படிப்பதால். தாம்பரத்தில் படமெடுத்துக்கொண்டு ரயிலைத் தவிர்ப்பது எப்படி? எதிரே வரும்படியோ விலகிப்போகும்படியோ வைத்தார்கள்.

இப்போது ஒலி. கேமராவுக்குள் இருந்த மைக் அமைதியான தருணத்தில் தானாகவே காதைத் தீட்டிக்கொள்ளும். நடிகர் ஒரு நொடி மௌனமானால் ‘ஸ்ஸ்…’ என்ற இரைச்சல் எழும்பிவரும். கையடக்க ரிக்கார்டரைத் தனியே வாங்கி, கம்பில் மைக்கைக் கட்டி, ஷாட்டின் தொடக்கத்தில் ஒருவர் கைதட்டினால், எடிட்டிங்கில் அந்தத் தட்டலை அடையாளமாக வைத்து இரண்டையும் ஒட்டலாம். ஹாலிவுட் கிளாப் பலகையின் வேலையும், ‘கறுப்பு ரோஜா’வின் நேரக்குறி செய்த வேலையும் இதுவே. ஆனால் மைக் பிடிக்க ஒரு பொறுமைசாலி வேண்டும். குறும்படக் குழுவில் கேமராவைத் தொட எட்டுப் பேர் போட்டி போடுவார்கள். கம்பைப் பிடிக்க யாரும் வரமாட்டார்கள். கடைசியில் அது தயாரிப்புச் செலவைக் கொடுத்த நண்பனின் தம்பி கைக்குப் போகும்.

2012 மே மாதம் பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’ வெளியானபோது, விஜய் மில்டன் அதை 7டியில் ஒளிப்பதிவு செய்திருந்தார். சாலையோரக் கடையிலும் பிளாட்பாரத்திலும் கூட்டத்தை விலக்காமல் எடுக்க அந்தச் சின்னக் கேமரா கைகொடுத்தது. பார்ப்பவர்கள் யாரோ ஸ்டில் எடுக்கிறார்கள் என்று நினைத்து நகர்ந்துவிடுவார்கள். அந்தப் படம் தேசிய விருது வாங்கியது. ‘ஸ்டில் கேமராவில் படமெடுக்கலாமா’ என்ற கேள்விக்கு அன்றோடு பதில் கிடைத்தது. அதே ஆண்டு கோடக் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. அடுத்த ஆண்டு ஃபூஜி சினிமா ஃபிலிம் தயாரிப்பதை நிறுத்தியது. சென்னை லேப்களில் நெகட்டிவ் கழுவும் தொட்டிகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. கியூப் போன்ற சென்னை நிறுவனங்கள் தியேட்டர்களை டிஜிட்டலாக்கிவிட்டதால் பிரிண்ட் போடும் செலவும் ஒழிந்தது.

நிறத்துக்கும் விடிவு வந்தது. டாவின்ச்சி ரிசால்வ் ஒருகாலத்தில் பெரிய லேப்கள் மட்டுமே வாங்கக்கூடிய இயந்திரத்தோடு சேர்ந்து விற்ற நிறத்திருத்த மென்பொருள். 2009-ல் பிளாக்மேஜிக் நிறுவனம் அதை வாங்கி, 2011-ல் ஓர் இலவசப் பதிப்பை வெளியிட்டது. சாலிகிராமத்தில் மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்து டி.ஐ. என்ற நிறத்திருத்தம் செய்தவர்கள் சேலையூரில் படுக்கையறையில் உட்கார்ந்து செய்ய ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு முதலில் எதிரியானது நகராட்சி. பழைய சோடியம் விளக்குத் தெருவில் எடுத்த காட்சியில் ஆரஞ்சைத் தவிர வேறு நிறம் அநேகமாக இருக்காது. என்ன திருகினாலும் முகத்தில் தோலின் நிறம் வராது, இல்லாததை வரவழைக்க முடியாதே. பிறகு எல்.இ.டி. விளக்குகள் வந்தன. ஒரே தெருவில் இந்த முனை ஆரஞ்சு, அந்த முனை நீலம். நடந்துவரும் கதாநாயகன் பாதியில் நிறம் மாறுவான். சிலர் அதையே அழகாக்கிக்கொண்டார்கள். இன்று தமிழ்க் குறும்படங்களில் திகட்டத் திகட்ட வரும் ஆரஞ்சு–நீல இரவுக்கு ஹாலிவுட்டைப் போலவே தெருவிளக்குக்கும் பங்குண்டு என்று சொன்னால் மிகையில்லை.

டிரோன் கதை இந்தப் பகுதிக்கே உரியது. மற்ற ஊர்களில் கல்யாண வீடியோக்காரர்கூட டிரோன் பறக்கவிட்டு மண்டபத்தை மேலிருந்து காட்டுகிறார். இங்கே ஒரு பக்கம் பன்னாட்டு விமான நிலையம், மறுபக்கம் விமானப்படை. 2021 டிரோன் விதிகளின்படி வானம் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வரைபடத்தில் பிரிக்கப்பட்டிருக்கிறது. விமானத்தளங்களைச் சுற்றி அனுமதியில்லாமல் ஏற்றக்கூடாது. ரயில் நிலையத்தில் படமெடுக்கவும் ரயில்வேயின் அனுமதி, கட்டணம் எல்லாம் உண்டு. ‘அலைபாயுதே’யில் மின்சார ரயிலிலேயே காதல் வளர்ந்தது, பெரிய படத்தால் அது முடியும். சின்னப் படக்காரர் நடைமேம்பாலத்துக்கு வெளியே, பக்கத்துக் கட்டட மாடியில் நீண்ட லென்ஸோடு நின்று ரயிலைப் பிடிக்கிறார். டாப் ஆங்கிளுக்கு மூன்றாவது மாடித் தண்ணீர்த்தொட்டி.

கேமரா இன்று பையிலேயே இருக்கிறது. கைப்பேசி 4கே எடுக்கிறது. ரிக்கார்டர்களிலும் ஒரு நல்ல மாற்றம்: 32-பிட் ஃப்ளோட் முறையில் பதிவுசெய்தால், நடிகர் திடீரென்று கத்தினாலும் ஒலி உடையாது, பிறகு அளவைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் குரலோடு சேர்ந்து பதிவான ரயிலை அது பிரித்துத் தராது. பிரித்துத் தரும் ‘வாய்ஸ் ஐசொலேஷன்’ ரிசால்வில் 2022-ல் வந்தது. இலவசப் பதிப்பில் இல்லை, காசு கொடுத்து வாங்கும் பதிப்பில்தான். அதை முழுமூச்சில் திருகினால் ரயிலோடு சேர்த்து வசனத்தின் ஓரங்களையும் தின்றுவிடும். மெதுவாகப் பேசும் பாட்டியின் வாக்கியத்தில் கடைசிச் சொல் காணாமல் போகும். பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021-ல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. காற்றும் காலடியும் வெக்கையும் காதில் விழும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ‘நாங்களும் அப்படி’ என்று கிளம்புகிற பலர் மறந்துவிடுவது, மேலூர்ப் பக்கத்துப் பொட்டல்வெளியில் ஜி.எஸ்.டி. சாலை கிடையாது என்பதை.

எனவே தென்சென்னைப் புறநகரில் டப்பிங் இன்னும் சாகவில்லை. முறையான டப்பிங் தியேட்டருக்கு மணிக்கணக்கில் வாடகை. அதற்கு வழியில்லாதவர்கள் காரைத் தேடுகிறார்கள். கதவடைத்து, கண்ணாடி ஏற்றிய கார் ஒரு நல்ல ஒலிப்பதிவு அறை. இருக்கைப் பஞ்சு எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும். முன்கண்ணாடிதான் அதிகமாக ஒலியைத் திருப்பி அடிக்கும். அதன்மேல் கம்பளியைப் போர்த்துகிறார்கள், மைக்கை இருக்கைத் தலையணையில் கட்டுகிறார்கள், லேப்டாப்பைப் பின்சீட்டில் வைத்துப் படத்தை ஓட்டுகிறார்கள். ஏ.சி. போட்டால் அதன் சத்தம் பதிவாகும், போடக்கூடாது. மே மாதத்தில் நடிகர் இரண்டு வரி பேசிவிட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்து மூச்சு வாங்குவார். மூன்றாவது வரிக்கு மறுபடி உள்ளே. காரை எங்கே நிறுத்துவது என்பதில்தான் வழக்கமாகச் சண்டை வரும். முடிச்சூர் பக்கம் தள்ளிப்போனால் ரயில் சத்தம் குறைவு, ஆனால் நாய்கள் அதிகம்.